இருதய நோயும் கரிசல் சம்சாரியின் கடமையும்

“வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு” என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. நல்ல எண்ணெயை அளவோடு ஆகாரத்தில் சேர்த்துக்கொள்பவனுக்கு மருந்துச் செலவு குறையும் என்பது அதன் கருத்து. எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகரிலும் அதைச் சூழ்ந்த கரிசல் கிராமங்களிலும் இப்பழமொழியை அறியாதார் இலர். ஆயினும் இக்காலத்தில் அங்கு நிகழ்வது யாதெனில், வாணியனுக்குக் கொடுப்பதும் அதிகரித்துவிட்டது. வைத்தியனுக்குக் கொடுப்பதும் அதிகரித்துவிட்டது. இதற்குக் காரணம் என்ன என்பதையும், இதை மாற்றுவதற்குச் சம்சாரிகளாலும் கிராம அதிகாரிகளாலும் ஆகக்கூடியது யாது என்பதையும் ஆராய்வது அவசியமாகிறது.

சாத்தூரை அடுத்த அச்சங்குளம் கிராமத்தின் பெயரை 2021-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 12-ம் தேதி தேசம் முழுவதும் கேட்டது. அன்று அவ்வூர்ப் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 20 பேர் உயிரிழந்தனர். அவ்வித அபாயம் பெரும் சப்தத்தோடு வருகிறது. ஆகையால் அதற்குச் சட்டம் உண்டு; சோதனை உண்டு; நஷ்டஈடும் உண்டு. சப்தமின்றி வரும் அபாயத்துக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. 45 வயதுள்ள ஒரு சம்சாரி விடியற்காலையில் மார்வலி என்கிறார். வாயுப் பிடிப்பு என்று எண்ணிச் சோடா வாங்கிக் குடிக்கிறார். பொழுது ஏறுமுன் உயிர் போய்விடுகிறது. “நேற்றுவரை நன்றாக இருந்தவர், திடீரென்று போய்விட்டார்” என்று ஊரார் சொல்லுகின்றனர். திடீரென்று வந்தது மரணம் மட்டுமே. நோயோ பத்துப் பதினைந்து வருஷங்களாக அவருடைய இரத்தக் குழாய்களில் வளர்ந்துகொண்டிருந்தது. அவர் பின்னே நிற்பவை பாதி உழுத புஞ்சையும், கூட்டுறவுச் சங்கத்துக் கடனும், படிப்பு முடியாத பிள்ளைகளுமே.

இந்நோயைத் தடுக்கும் வழியில் ஒரு பகுதி வைத்தியரிடம் இருக்கிறது. மற்றொரு பெரும் பகுதி சம்சாரியின் நிலத்திலும் அடுப்பங்கரையிலும் இருக்கிறது. விவசாயிகளுக்கென்று வெளிவரும் பத்திரிகையில் இவ்விஷயத்தைப் பேசுவதற்கு நியாயம் அதுவே.

நோயின் தன்மை

கொலஸ்டிரால் என்பது மெழுகு போன்ற ஒரு பொருள். அது விஷமன்று. சரீரத்தின் ஒவ்வொரு அணுவின் சுவருக்கும், பித்தநீர் உண்டாவதற்கும் அது வேண்டும். ஆகையால் கல்லீரல் அதைத் தானே உற்பத்தி செய்துகொள்ளுகிறது. அது நீரில் கரையாதாகையால், இரத்தத்தில் ஒருவகை வண்டிகளில் ஏற்றிச் செல்லப்படுகிறது. எல்.டி.எல். என்னும் வண்டி அதைக் கல்லீரலிலிருந்து சரீரமெங்கும் கொண்டுபோகிறது. எச்.டி.எல். என்பது மிச்சத்தைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுவர உதவுகிறது. முன்னது மிகுந்தால் கெடுதல்.

கண்மாய் வாய்க்காலில் வண்டல் தரையில் படிவதைச் சம்சாரி அறிவார். இரத்தக் குழாயில் நிகழ்வது சற்று வேறு. அங்கே கொழுப்பு குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து தங்குகிறது. நாளடைவில் சுவர் உட்புறமாகப் புடைக்கிறது. வாய்க்கால் கரை உட்சரிந்து நீர் செல்லும் வழி ஒடுங்குவதைப்போல இரத்தம் செல்லும் வழி ஒடுங்குகிறது. ஒரு நாள் அப்புடைப்பு கீறி வெடிக்குமாயின், அவ்விடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகி வழி முற்றும் அடைபடுகிறது. அடைபட்ட குழாய் இருதயத்தின் தசைக்கு இரத்தம் கொடுப்பதானால் மாரடைப்பு. மூளைக்குக் கொடுப்பதானால் பக்கவாதம். இவ்வளவும் நிகழும்வரை பலருக்கு வலியோ காய்ச்சலோ ஓர் அறிகுறியும் தோன்றாது. இதுவே இந்நோயின் வஞ்சகம்.

எல்.டி.எல். ஒன்றே காரணமென்று நினைப்பதும் பிழை. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, பீடி, சிகரெட்டு, புகையிலை, வயிற்றைச் சுற்றிய ஊளைச்சதை, சரீர உழைப்பின்மை, குடும்ப வழி ஆகியவை அதனோடு கூடும்போது அபாயம் பன்மடங்காகிறது. அமெரிக்காவில் பிராமிங்காம் என்னும் சிற்றூரில் 5,209 பேரை 1948 முதல் தொடர்ந்து பரிசோதித்து வந்த வைத்தியர்களே இவ்வுண்மையை உலகத்துக்கு முதலில் தெளிவாக எடுத்துக் காட்டினர்.

ஜனங்களின் தற்கால நிலை

“இது பட்டணத்துப் பணக்காரர் வியாதி, காட்டில் வேலை செய்பவனுக்கு வராது” என்னும் எண்ணம் கிராமங்களில் இன்னும் பரவலாக இருக்கிறது. அது இக்காலத்துக்குப் பொருந்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து தேசமெங்கும் பட்டணங்களிலும் கிராமங்களிலும் நடத்திய பெரும் பரிசோதனையின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. அதன்படி வயது வந்தோரில் 100-க்கு 24 பேருக்கு மொத்தக் கொலஸ்டிரால் அதிகம். ஏறக்குறைய 21 பேருக்கு எல்.டி.எல். அதிகம். 67 பேருக்கு எச்.டி.எல். குறைவு. 35 பேருக்கு இரத்தக் கொதிப்பு. கொழுப்பு விஷயத்தில் ஏதேனும் ஒரு குறையுள்ளவர்கள் 100-க்கு 81 பேர். மேல்நாட்டாரைக் காட்டிலும் இந்தியருக்கு மாரடைப்பு ஏறக்குறையப் பத்து வருஷம் முந்தி வருகிறது என்பதும் வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம். ஆகவே நோய் பிடிப்பது பெரும்பாலும் குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதில்.

“எங்கள் பாட்டனார் நெய்யும் தயிரும் வெண்ணெயும் உண்டு 80 வயது வாழ்ந்தார், அவருக்கு எந்தக் கொலஸ்டிரால் இருந்தது?” என்று கேட்பவர் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. கேள்வி நியாயமானதே. பாட்டனார் ஒரு ஏக்கரை மாடு கட்டி உழுவதற்கு ஏரின் பின்னே பல மைல் நடந்தார், சந்தைக்கும் நடந்தார், கமலை இறைத்தார். அவர் உண்ட நெய் விசேஷ தினத்து நெய். அன்றாட ஆகாரம் கம்பங்கூழும் சோளச்சோறும் கீரையும் பயறுமே. பேரனோ டிராக்டரை வாடகைக்கு அமர்த்துகிறார். வரப்பு வரையில் மோட்டார் சைக்கிளில் செல்லுகிறார். மூன்று வேளையும் தீட்டிய அரிசி உண்கிறார். மாலையில் கடைப் பலகாரம் தின்கிறார். பாட்டனாருடைய நெய்யை மட்டும் வைத்துக்கொண்டு அவருடைய நடையை விட்டுவிட்டதே பேரன் செய்த பிழை. மேலும் பாட்டனாரோடு பிறந்தவர்களில் நடுவயதில் “மார் அடைத்து” இறந்தவர்களை ஊரார் மறந்துவிட்டனர். நெடுநாள் வாழ்ந்தவரே நினைவில் நிற்கிறார்.

அச்சங்குளத்தைச் சுற்றிய கிராமங்களில் மற்றொரு மாறுதலும் உண்டு. மானாவாரி விவசாயத்தில் நம்பிக்கை குறைந்து, பல குடும்பங்கள் பட்டாசு, தீப்பெட்டி வேலையை நாடிவிட்டன. அது நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலை. தரிசாய் விட்ட புஞ்சையில் சீமைக்கருவேல் மண்டியது. நடந்து பழகிய சரீரம் உட்கார்ந்து பழகியது. இரண்டும் ஒரே காலத்தில் நேர்ந்தவை.

எண்ணெய் விஷயம்

எல்லா எண்ணெயும் ஒரே தன்மையானவை அல்ல. எல்.டி.எல்.லை உயர்த்துவதில் முதன்மையானது “செறிவுற்ற கொழுப்பு” என்னும் வகை. நெய்யில் அது நூற்றுக்கு 60-க்கு மேல். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90. பாமாயிலில் 40 முதல் 45. நிலக்கடலை எண்ணெயில் 20-க்கு உட்பட்டது. நல்லெண்ணெயில் சுமார் 15. கரிசல் மண்ணில் தலைமுறை தலைமுறையாக விளைந்துவரும் எள்ளும் கடலையுமே இருதயத்துக்கு அனுகூலமான எண்ணெயைக் கொடுக்கின்றன என்பது இதனால் விளங்கும்.

ஆனால் நடப்பது என்ன? எள்ளும் கடலையும் களத்திலிருந்தே வியாபாரிக்குப் போய்விடுகின்றன. விற்றவர் வீட்டு அடுப்பில் கொதிப்பதோ பெரும்பாலும் மலேசியா, இந்தோனேசியா தேசங்களிலிருந்து கப்பலேறி வந்த பாமாயில். தமிழ்நாட்டில் 2007 முதல் ரேஷன் கடைகளில் அது மலிவு விலைக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. எண்ணெயே வாங்க இயலாத ஏழைக் குடும்பங்களுக்கு அது உபகாரமாயிற்று என்பதை மறுக்கலாகாது. ஆயினும் எள் விளையும் புஞ்சையை உடையவர் அதை நம்பியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் வழங்கவேண்டுமென்று தென்னை விவசாயிகள் கோரிவருகின்றனர். விவசாயிகளின் வருவாயை உத்தேசித்து அக்கோரிக்கை நியாயமாகலாம். இருதயத்தை உத்தேசித்தால் நிலக்கடலை எண்ணெயும் நல்லெண்ணெயுமே அவ்விடத்துக்கு உரியவை. உள்நாட்டு விளைபொருளுக்கு விலையும் உண்பவருக்கு ஆரோக்கியமும் ஒருங்கே தரக்கூடிய இவ்வழி சர்க்காரின் யோசனைக்கு உரியதாகும்.

எண்ணெய் விஷயத்தில் நான்கு தவறான அபிப்பிராயங்களைக் களைவது நலம்.

முதலாவது: “கொலஸ்டிரால் அற்றது” என்று டப்பாவின்மேல் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்குவது. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்டிரால் இருப்பதாகச் சொல்லத்தக்க அளவு இல்லை. ஆகையால் அவ்விளம்பரம் எதையும் புதிதாகச் சொல்லவில்லை. அதிலுள்ள செறிவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பதையே பார்த்து வாங்கவேண்டும்.

இரண்டாவது: “செக்கு எண்ணெயானால் எவ்வளவு ஊற்றினாலும் குற்றமில்லை” என்பது. செக்கில் ஆடினாலும் இயந்திரத்தில் பிழிந்தாலும் எண்ணெய் எண்ணெயே. ஒரு கிராமுக்கு 9 கலோரி அதில் உண்டு.

மூன்றாவது: பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சி உபயோகிப்பதைச் சிக்கனம் என்று கருதுவது. பல முறை காய்ந்த எண்ணெயில் தீய பொருள்கள் சேருகின்றன. அவை நூற்றுக்கு 25 பங்குக்கு மேற்பட்ட எண்ணெயைப் பலகாரக் கடைகள் உபயோகிக்கலாகாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். கடைக்கு விதித்த விதி வீட்டுச் சட்டிக்கும் நல்லதே.

நான்காவது: வனஸ்பதியை நெய்க்குச் சமமாக எண்ணுவது. எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகும் “டிரான்ஸ்” கொழுப்பு, எல்.டி.எல்.லை உயர்த்தி எச்.டி.எல்.லைக் குறைக்கும் இரட்டைக் கேடு உடையது. கொழுப்புப் பண்டங்களில் அது நூற்றுக்கு 2-க்கு மேல் இருக்கலாகாது என்று 2022 முதல் தடை இருக்கிறது. ஆயினும் நிறையற்ற, பெயரற்ற பண்டத்தைத் தவிர்ப்பதே விவேகம்.

விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டா, சாத்தூரின் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா ஆகியவை இப்பிரதேசத்துக்குக் கீர்த்தி தந்தவை. அவற்றைச் செய்து பிழைக்கும் குடும்பங்கள் பல. அவற்றை ஒழிக்கவேண்டும் என்பது இங்கே கருத்தன்று. ஆனால் திருவிழாவுக்கு உரியதைத் தினசரி ஆகாரமாக்கிக்கொண்டால் அதன் ருசியும் கெடும், உண்பவர் சரீரமும் கெடும். சேவு பிறந்த அதே சாத்தூரில்தான் வெள்ளரியும் பேர்போனது. மாலைப் பசிக்கு வெள்ளரியும், ஒரு கைப்பிடி வறுத்த கடலையும் போதும்.

வீட்டுக்கென்று ஒரு துண்டு நிலம்

ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய எண்ணெய் எவ்வளவு? ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையம் 2024-ல் வெளியிட்ட ஆகாரத் திட்டத்தில், 2,000 கலோரி உண்பவருக்குச் சமையற் கொழுப்பு 27 கிராம் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய மூன்றரை லிட்டர். எண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாம் இதற்குள் அடக்கம். கடும் வெயிலில் உழைப்பவருக்குச் சற்றுக் கூடலாம். தங்கள் வீட்டில் மாதத்துக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்று குடும்பத் தலைவர் ஒரு முறை எழுதிவைத்துப் பார்ப்பாராயின், வேறு போதனை தேவைப்படாது.

இக்கணக்கை நிலத்தின் அளவாக மாற்றிப் பார்ப்போம். வருஷத்துக்கு வேண்டியது சுமார் 39 கிலோ எண்ணெய். 50 கிலோ எள்ளைச் செக்கில் ஆட்டினால் நூற்றுக்கு 40 வீதம் 20 கிலோ நல்லெண்ணெய் கிடைக்கும். 70 கிலோ காய்க்கடலையை உடைத்தால் 49 கிலோ பருப்பும், அதை ஆட்டினால் ஏறக்குறைய 19 கிலோ கடலை எண்ணெயும் கிடைக்கும். மானாவாரியில் ஏக்கருக்கு 200 கிலோ எள்ளும் 600 கிலோ காய்க்கடலையும் கண்டுமுதல் என்று வைத்துக்கொண்டால், எள்ளுக்கு 25 சென்ட், கடலைக்கு 12 சென்ட், ஆக மொத்தம் 37 சென்ட் நிலம் போதும். மழை குறைந்த வருஷத்தையும் எண்ணி அரை ஏக்கர் என்று ஒதுக்கலாம். ஐந்து ஏக்கர் புஞ்சை உடையவர் அதில் பத்தில் ஒரு பங்கைத் தம் வீட்டாரின் இருதயத்துக்கென்று விடுவது பெரிய தியாகம் ஆகாது. பிண்ணாக்கு கறவை மாட்டுக்கு மிச்சம். கடலையை நன்கு உலர்த்தி, பூசணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி நீக்கிய பின்னரே செக்குக்கு அனுப்பவேண்டும். பூசணம் பிடித்த கடலையில் அப்லடாக்சின் என்னும் விஷம் உண்டாகும்.

விதைக்கென்று ஒரு பங்கை ஒதுக்காமல் விளைவு முழுவதையும் விற்கும் சம்சாரியை ஊரார் நகைப்பர். வீட்டு ஆகாரத்துக்கென்று ஒரு பங்கை ஒதுக்காமல் விற்பவரையும் அவ்வாறே கருதவேண்டிய காலம் வந்துவிட்டது.

தானிய விஷயம்

கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த கரிசலில் இன்று மக்காச்சோளம் பெருகி, கோழித் தீவனத்துக்குச் செல்லுகிறது. நிலம் கோழிக்கு உணவளிக்கிறது. நிலத்துக்குரியவர் கடை அரிசி உண்கிறார். சிறுதானியங்களிலும் பயறு வகைகளிலும் உள்ள நார்ப்பொருள் குடலில் பித்தநீரைப் பற்றி வெளியேற்றுகிறது. அதை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை எடுத்துக்கொள்ளுவதால் எல்.டி.எல். குறைகிறது. ஹைதராபாத்தை அடுத்துள்ள சர்வதேச வறண்டநிலப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தாரும் பிறரும், முன்னர் நடந்த பல ஆராய்ச்சிகளை ஒன்றுதிரட்டி 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, சிறுதானியங்களை முறையாக உண்டுவந்தவர்களுக்கு மொத்தக் கொலஸ்டிரால் சராசரி 8 சதவீதம் குறைந்தது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கடையில் விற்கும் குதிரைவாலி அரிசி பல சமயங்களில் பச்சரிசியைப்போல வெண்மையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. தவிடு போனபின் பெயர் மட்டுமே குதிரைவாலி. மேல்தோலை மட்டும் நீக்கித் தவிட்டோடு உண்ணவேண்டும். குதிரைவாலியை உரலில் குத்திப் புடைக்கும் சிரமத்தைப் பெண்களே சுமந்தனர். அது வீட்டை விட்டுப் போனதற்குப் பெரிய காரணம் அதுவே. ஆகையால் சிறிய தோல்நீக்கி இயந்திரம் ஒன்றை விவசாயிகள் குழு மூலம் ஊருக்குப் பொதுவாக வைப்பது, தானியத்தின் பெருமையைப் பற்றிப் பத்துப் பிரசங்கம் செய்வதிலும் பிரயோஜனமாகும்.

கோ 2, மதுரை 1 ஆகிய குதிரைவாலி ரகங்கள் மானாவாரிக்கு ஏற்றவை. புரட்டாசிப் பட்டத்தில் ஏக்கருக்குச் சுமார் 4 கிலோ விதை போதும். 95 முதல் 100 நாட்களில் அறுவடையாகும். உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றை ஊடுபயிராக இட்டால் குழம்புக்கும் வழியுண்டாகும். விதைக்கும் ஆலோசனைக்கும் அருப்புக்கோட்டையிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தை நாடலாம்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குட்பட்ட உப்பே போதுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றும் ஒரே இலையில் விழுமானால் அவ்வளவு அந்த ஒரு வேளையிலேயே தீர்ந்துவிடும்.

பின்லாந்து தேசத்து உதாரணம்

ஆகாரப் பழக்கத்தை ஊர் முழுவதும் மாற்றுவது நடவாத காரியம் என்பாருக்கு, பின்லாந்து தேசத்தின் வட கரேலியா மாகாணம் பதில் சொல்லும். 1960-களில் உலகிலேயே இருதய நோயால் ஆண்கள் மிகுதியாக இறந்த பிரதேசங்களில் அது முதன்மையானது. அங்குள்ளோர் விவசாயிகளும் மரம் வெட்டுவோருமே, கடும் உழைப்பாளிகள். மாடு வளர்ப்பே பிரதானமாதலால் மூன்று வேளையும் வெண்ணெய். புகைப் பழக்கமும் மிகுதி. 1971-ல் அம்மாகாணத்துப் பிரதிநிதிகளே சர்க்காருக்கு விண்ணப்பம் செய்தனர். 1972-ல் பெக்கா புஸ்கா என்னும் இளம் வைத்தியர் தலைமையில் வேலை தொடங்கியது.

ஆஸ்பத்திரி கட்டுவதோடு அவர்கள் நிற்கவில்லை. பெண்கள் சங்கத்தார் கிராமந்தோறும் சமையல் செய்து காட்டினர். குளிர் தேசத்தில் விளையும் கடுகுவகை எண்ணெய்வித்து சாகுபடிக்கு வந்து, அவ்வெண்ணெய் வெண்ணெயின் இடத்தைப் பிடித்தது. பால் பண்ணையார் சிலர் பழச் செடிகளுக்கு மாறினர். எந்தக் கிராமம் கொலஸ்டிராலை அதிகமாகக் குறைக்கிறது என்று கிராமங்களுக்குள் போட்டியே நடத்தப்பட்டது. ஏறக்குறைய 40 வருஷங்களில், உழைக்கும் வயதுள்ள ஆண்கள் இருதய நோயால் இறப்பது நூற்றுக்கு 80-க்கு மேல் குறைந்தது. அங்கே வெண்ணெயை விடுவதற்குப் புதுப் பயிரைத் தேடவேண்டியிருந்தது. கரிசல் சம்சாரிக்கோ வேண்டிய பயிர் முன்னமே கையில் இருக்கிறது.

பரிசோதனையும் மருந்தும்

ஆகாரத்தால் எல்லாம் தீரும் என்பதும் பிழை. சிலருக்குப் பிறவியிலேயே, குடும்ப வழியாக, எல்.டி.எல். மிகுந்திருக்கும். ஆகையால் மண்ணைப் பரிசோதித்து உரமிடுவதைப்போல இரத்தத்தைப் பரிசோதித்தே முடிவு செய்யவேண்டும். 30 வயது கடந்தவர் யாவரும், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்புக் கண்டவர் அதற்கு முன்னரும், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ளுவது அவசியம். இந்திய இருதய வைத்தியர் சங்கம் 2024-ல் வெளியிட்ட விதிகளின்படி, சாதாரண மனிதருக்கு எல்.டி.எல். 100 மில்லிகிராமுக்குக் குறைந்திருக்கவேண்டும். சர்க்கரை வியாதி முதலியவற்றால் அபாயம் மிகுந்தவருக்கு 70-க்குக் கீழ். முன்னமே மாரடைப்புக் கண்டவருக்கு 55-க்குக் கீழ்.

வைத்தியர் “ஸ்டாட்டின்” மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. அதன் பிறப்பு விவசாயிகளுக்கு ருசிகரமானது. ஜப்பானில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ என்னும் விஞ்ஞானி, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியிலிருந்து எடுத்த பூஞ்சையில் 1973-ல் இவ்வகை மருந்தின் முதல் வடிவைக் கண்டார். 1987 முதல் இவ்வகை மருந்துகள் வழக்கத்துக்கு வந்தன. எல்.டி.எல். 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு முதலிய அபாயம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்பது பெரும் ஆராய்ச்சிகளால் நிச்சயமானது. இரண்டு மாதம் உண்டு, அளவு சரியானதும் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூண்டை நம்புவது, களை எடுத்து முடிந்ததென்று களைக்கொட்டை எறிந்துவிடுவதற்கு ஒப்பாகும். பூண்டு குழம்புக்கு நல்லது, மாத்திரைக்கு ஈடன்று. தசைவலி முதலிய உபாதை தோன்றினால் வைத்தியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளவேண்டுமேயன்றித் தாமே நிறுத்தலாகாது.

பீடியை விடுவதற்குச் செலவேயில்லை. விட்ட ஒரு வருஷத்தில், அதனால் நேர்ந்த இருதய அபாயம் பாதியாகக் குறைகிறது. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடப்பது மற்றொரு செலவில்லாத மருந்து. காலையில் புஞ்சைக்கு நடந்து செல்லுபவர் அதைத் தனியே தேடவேண்டியதில்லை.

கிராம அதிகாரிகள் செய்யக்கூடியவை

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் செயலரும் மனம் வைத்தால், புதிய பணம் ஏதுமின்றிச் சில காரியங்கள் நடைபெறும்.

1. 2021 ஆகஸ்டு முதல் “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தில் ஊழியர்கள் வீடு வீடாக வந்து இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கின்றனர். பகலில் வருவதால் காட்டுக்கும் ஆலைக்கும் சென்ற ஆண்கள் விடுபட்டுப்போகின்றனர். விடுபட்டவர்களின் ஜாபிதாவைத் தயாரித்து, விடுமுறை நாளொன்றில் ஊராட்சி அலுவலகத்துக்கு அவர்களை வரவழைக்கலாம்.

2. மார்வலி கண்டவருக்கு உடனே கொடுக்கவேண்டிய அஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் வைத்துக் கொடுக்கும் “இதயம் காப்போம்” திட்டம் 2023-ல் ஏற்பட்டது. அருகிலுள்ள நிலையம் எது, அங்கு எவ்வாறு செல்வது, 108 வண்டிக்கு ஊரின் எந்த அடையாளத்தைச் சொல்வது என்பவற்றைப் பெரிய எழுத்தில் சாவடியிலும் ரேஷன் கடையிலும் எழுதிவைக்கவேண்டும்.

3. நடுமார்பில் இறுக்கம், இடது கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, குளிர்ந்த வேர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றை வாயு என்று ஒதுக்கலாகாது என்பதைக் கிராம சபையில் ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டும். சர்க்கரை வியாதியுள்ளவருக்கும் பெண்களுக்கும் வலியில்லாமலே, களைப்பும் மூச்சுத்திணறலுமாக அது வரலாம். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் இருதயத் தசையில் ஒரு பகுதி அழிகிறது. விருதுநகரில் 2022 ஜனவரி முதல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்போல் மதுரை வரை செல்லவேண்டிய நிர்ப்பந்தம் எப்போதும் இல்லை.

4. கண்மாய்க் கரையைச் செப்பனிடும்போது அதன்மேல் முள் வெட்டி, இருட்டில் விளக்கு வைத்தால், அதுவே ஊருக்கு நடைபாதை. பெண்களும் அச்சமின்றி நடப்பர்.

5. ஊர்ப் பொது விருந்துகளிலும் கூட்டங்களிலும் வடையும் பஜ்ஜியும் கொடுக்கும் வழக்கத்தை மாற்றிச் சுண்டலும் நிலக்கடலையும் கொடுப்பதை அதிகாரிகளே தொடங்கலாம். பெரியோர் செய்வதைப் பார்த்தே ஊர் நடக்கும்.

முடிவுரை

பயிருக்குப் பூச்சி விழுந்த பின்னர் மருந்தடிப்பவரைவிட, விதையைத் தேர்ந்து நேர்த்தி செய்து விதைப்பவரே நல்ல சம்சாரி என்பது இவ்விலாகா எந்நாளும் சொல்லிவரும் பாடம். சரீரத்துக்கும் அது பொருந்தும். இவ்வருஷம் எள் அறுவடையின்போது வியாபாரியின் தராசில் ஏற்றுமுன் 50 கிலோவை வீட்டுக்கென்று ஒதுக்குவதும், புரட்டாசியில் ஒரு துண்டு நிலத்தில் குதிரைவாலி தூவுவதும், அடுத்த முறை சாத்தூருக்கோ விருதுநகருக்கோ செல்லும்போது இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்வதும் ஆகிய மூன்றையும் செய்பவர், தம் குடும்பத்துக்குக் காணிநிலம் வாங்கி வைப்பதைக் காட்டிலும் பெரிய உபகாரம் செய்தவராவார்.

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடுக்கட்டும். அளவறிந்து, தம் நிலத்து எள்ளைக் கொடுத்து, கண்முன்னே ஆட்டி வாங்கட்டும். அப்பொழுது பழமொழியும் மெய்யாகும். சம்சாரியும் தம் பேரப்பிள்ளைகள் ஏர் பிடிப்பதைக் காண இருப்பார்.